சனி பிடித்த கண்ணாடிக்காரர்

கண்ணாடிக்காரருக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது, பவர்தான் நிற்கும். தெருவில் யாராவது நின்று குசலம் விசாரித்தால் திருதிருவென்று முழித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம், "மைனஸ் மூணே கால் வந்தாரு, உன்னையும் கேட்டதா சொல்லச் சொன்னாரு" என்பார். முப்பது வருடமாக ஒரே கடை. முன்பக்கம் பிரேம்கள் அடுக்கிய அலமாரி, பின்பக்கம் திரைக்கு அப்பால் லென்ஸ் தேய்க்கும் மிஷின், நடுவே விளக்கு வைத்த எழுத்துப் பலகை, அதற்கு எதிரே ஒரு கால் ஆடும் நாற்காலி. அந்த நாற்காலியில் உட்காருகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, அவர் முகத்தில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, வட்டக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் செருகி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று மிரட்டும் அதிகாரம் இவருக்கு உண்டு. முப்பது வருடத்தில் அந்த அதிகாரம் தலைக்கு ஏறிவிட்டது.

தொழிலில் அவருக்கு இரண்டு வேதவாக்குகள். ஒன்று, சின்ன நம்பரில் ஆரம்பித்து மெதுவாக மேலே ஏற வேண்டும். எடுத்த எடுப்பில் பெரிய நம்பரைப் போட்டால் ஆளுக்குத் தலை கிறுகிறுத்து, கடையிலேயே வாந்தி எடுத்துவிடுவார். இரண்டு, கண்ணாடி எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு ஒசத்தி; கனமாக இருந்தால் மட்டம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்திருக்கிறார். அதே இரண்டும் சேர்ந்து அவர் மூக்கை அறுத்த கதைதான் இது.

அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. காலையில் எட்டு மணிக்கு உள்ளே போனால் மாலை நான்கு வரை, "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க... விடுங்க" என்பதுதான் பேச்சு. ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு இதைச் சொல்லிச் சொல்லி, வீட்டில் அந்தம்மாவுக்கு அதிகம் பேசப் பிடிக்காது. கணவர் அந்தக் குறையையும் சேர்த்து நிவர்த்தி செய்துவந்தார்.

எக்ஸ்ரேக்காரம்மாவுக்கு வாழ்க்கையில் ஆசை என்று ஒன்றே ஒன்றுதான். சனிக் கிரகத்தின் வளையத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பத்து வயதில் பள்ளிக்கூட மைதானத்துக்கு யாரோ ஒரு தொலைநோக்கியைக் கொண்டுவந்து வைத்தார்கள். வகுப்பே வரிசையில் நின்றது. உயரமாக வளர்ந்துவிட்ட பாவத்துக்கு இவர் கடைசி. முன்னால் நின்ற பெண் கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. ஒருவழியாக அவள் நகர்ந்து இவர் குனிந்தபோது டீச்சர் வந்து, "போதும், நேரமாச்சு" என்று குழாயை மூடியால் மூடிவிட்டார். நாற்பத்திரண்டு வருடமாகியும் அந்த மூடி மூடியேதான் இருந்தது.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையைக் கேட்ட கண்ணாடிக்காரர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இதெல்லாம் ஒரு விஷயமா? கட்டினவன் லென்ஸ்காரன். உனக்குச் சனியையே பிடிச்சுக் காட்டறேன்" என்றார். புது மாப்பிள்ளை மிதப்பில் சொல்வதற்கெல்லாம் கணக்குக் கிடையாது. இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. அந்தம்மா ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தவில்லை. அந்த மாதம் பிறந்தபோது மட்டும் பேப்பரில் வந்த ஒரு செய்தியைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார். இந்த மாதம் முழுக்க மாலை ஏழு மணிக்கு மேற்கு வானில் சனி தெரியும், மாதக் கடைசியில் சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிடும், அப்புறம் மாலையில் பார்க்கப் பல மாதம் ஆகும் என்று அதில் போட்டிருந்தது. ஒட்டிவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூடக் கண்ணாடிக்காரருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தச் சமயம் பார்த்து வந்தார் அந்தம்மாவின் அண்ணன். ரயிலில் டிக்கெட் பரிசோதகர். எவன் டிக்கெட் எடுத்தவன், எவன் எடுக்காதவன் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவதாக அவருக்கு ஒரு நினைப்பு. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஊர் உலகமே சனி பார்வை நம்ம மேல பட்டுடக் கூடாதுன்னு ஓடி ஒளியுது. நீ என்னடான்னா நீயே போய் அதைப் பார்க்கணுங்கற. சனியனைத் தூக்கிப் பனியனுக்குள்ள விட்டுக்கிட்ட கதையால்ல இருக்கு!"

"அண்ணா, அது பாட்டுக்கு நூத்தம்பது கோடி கிலோமீட்டர் தள்ளி, தன் சோலியப் பார்த்துட்டு இருக்கு. உன் பார்வைதான் என் ஃபிரிட்ஜ் வரைக்கும் வருது" என்றார் தங்கை.

கண்ணாடிக்காரர் சிரித்துவிட்டார். மச்சான் முறைத்தார். அந்த முறைப்புக்குப் பதிலாகத்தான், யோசிக்காமல், "இந்த சனிக்கிழமை ஏழு மணிக்கு வாங்க மச்சான். நம்ம மொட்டை மாடியில உங்களுக்கும் சேர்த்தே சனி பிடிக்க வைக்கறேன்" என்று சொல்லிவிட்டார். ஆழம் தெரியாமல் காலை விடுவது அவருக்குக் கைவந்த கலை.

மறுநாள் இருவரும் கேமரா கடைக்குப் போனார்கள். தொலைநோக்கிகள் உள்ளறையில் இருந்தன. விற்கிற பெண் (மைனஸ் இரண்டு, பிரேம் மூக்கில் நிற்காமல் சறுக்குகிறது என்று கண்ணாடிக்காரர் குறித்துக்கொண்டார்) இரண்டை எடுத்துக் காட்டினாள். ஒன்று குட்டை, பருமன். மேசைமேல் வைக்கிற மரப்பலகையில் உட்கார்ந்துகொண்டு, வாயை அகலத் திறந்திருந்தது. இன்னொன்று வெள்ளை வெளேரென்று ஒல்லியாக, நீளமாக, மூன்று கால்களில் நின்றது. அதன் பெட்டியில் தட்டு அளவுக்குச் சனியின் படம். பக்கத்தில் சிவப்பில், 'பவர் 525 மடங்கு.'

"முதல் தடவை வாங்கறீங்கன்னா இந்தக் குட்டைதான் நல்லது சார். பவரைப் பார்க்காதீங்க. வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு வெளிச்சம் உள்ள வரும். வெளிச்சம் இருந்தாத்தான் எதுவும் தெரியும். ஸ்டாண்டும் ஆடாது."

பவரைப் பார்க்காதே என்று கண்ணாடிக்காரரிடம் சொல்வது, உப்பைப் பார்க்காதே என்று சமையல்காரரிடம் சொல்வது மாதிரி. அவர் முகம் சிவந்தது.

"ஏம்மா, முப்பது வருஷமா நான் பார்க்கறதே பவரைத்தான். என்கிட்டயேவா?"

எக்ஸ்ரேக்காரம்மா இதற்குள் இரண்டையும் விரலால் லேசாகத் தட்டிப் பார்த்திருந்தார். குட்டை அசையவில்லை. ஒல்லி நடுங்கியது, நடுங்கிக்கொண்டே இருந்தது.

"என்னங்க, இது ஆடுதே. ஆடினா படம் கலைஞ்சிடும். அந்த அண்டாவையே எடுத்துக்கலாமே."

"அண்டாவை வச்சுத் தண்ணி பிடிக்கலாம், சனி பிடிக்க முடியாது. மெல்லிசா இருக்கறதுதான் ஒசத்தி. லென்ஸ் விஷயத்தை என்கிட்ட விடு."

விட்டார் அந்தம்மா. ஒல்லி வீட்டுக்கு வந்தது.

சனிக்கிழமை மாலை. மொட்டை மாடியில் நான்கு பேர். கண்ணாடிக்காரர், அவர் மனைவி, டிக்கெட் மச்சான், மேல் வீட்டில் குடியிருக்கும் பூகோள வாத்தியார். கூப்பிடாமலே வந்த வாத்தியார், சனி பூமியைவிட எத்தனை மடங்கு பெரியது என்று படி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார். மேற்கே, எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு நல்ல உயரத்தில், மினுக்காமல் ஒரு வெளிச்சப் புள்ளி. பேப்பரில் போட்டிருந்த அதே இடம்.

பெட்டிக்குள் ஒரு விளக்கத் தாள் இருந்தது. கண்ணாடிக்காரர் அதை மடித்து ஓரமாகப் போட்டார். கூடவே, கண் வைக்கும் முனையில் செருகுவதற்கு மூன்று குட்டி லென்ஸ்கள். ஒன்றில் 25 என்று எழுதியிருந்தது, ஒன்றில் 10, ஒன்றில் 4. அவருக்கு யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சின்ன நம்பரில் ஆரம்பி, மெதுவாக மேலே ஏறு. நாலை எடுத்துச் செருகினார். குழாயைப் புள்ளியை நோக்கித் திருப்பி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை வைத்தார்.

தெரிந்தது அவருடைய இமை முடி. அதற்குப் பின்னால் சாம்பலாக ஒரு நடுக்கம். திருகைத் திருப்பினார், நடுக்கம் கூடியது. வலப்பக்கம் தள்ளினார், இடப்பக்கம் தள்ளினார், மூச்சு விட்டார், எல்லாவற்றுக்கும் அந்தச் சாம்பல் தலையாட்டியது. சனியைக் காணோம். வானத்தையே காணோம்.

"என்ன மாப்ளே, தெரியுதா?" என்றார் மச்சான். அந்தக் குரலில் டிக்கெட் கேட்கும் தொனி இருந்தது.

"ஆஹா!" என்றார் கண்ணாடிக்காரர்.

எப்படி வந்தது அந்த ஆஹா என்று அவருக்கே தெரியாது. வந்துவிட்டது. மச்சான் அவரைத் தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தார். திருகை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அடேயப்பா! வளையம் சும்மா கம்பி வளையல் மாதிரில்ல இருக்கு" என்றார். அடுத்து வாத்தியார் பார்த்தார். கம்பி வளையலுக்குக் குறைவாக ஏதாவது சொன்னால் படித்த படிப்புக்கு இழுக்கு. "நிறம்கூடத் தெளிவா இருக்கே. இளமஞ்சள். புத்தகத்துல போட்டிருக்கற மாதிரியே" என்றார்.

வரிசையில் கடைசியாக எக்ஸ்ரேக்காரம்மா குனிந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டு நிமிடம் பார்த்தார். நிமிர்ந்தார்.

"ஒண்ணும் தெரியலையே."

மூன்று ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருப்பதில் மும்முரமாக இருந்தார்கள். கண்ணாடிக்காரருக்கு முழி பிதுங்கியது. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவரோ தன் நாற்காலி அதிகாரத்தை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க எல்லாருக்கும் தெரியுது, உனக்கு மட்டும் தெரியலைன்னா கோளாறு உன் கண்ணுலதான். ஒண்ணே காலாவது ஏறியிருக்கும். திங்கக்கிழமை கடைக்கு வா, பார்த்துடலாம்."

மச்சான் சிரித்தார், வாத்தியாரும் சிரித்தார். எக்ஸ்ரேக்காரம்மா காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

விருந்தாளிகள் போன பிறகு கண்ணாடிக்காரர் தனியாக இன்னொரு முறை பார்த்தார். அதே சாம்பல். 10, 25 இரண்டையும் கையில் வைத்து உருட்டினார். நாலுக்கே இந்த ஆட்டம் என்றால் இருபத்தைந்தைப் போட்டால் கண்ணே போய்விடும் என்று தோன்றியது. இரண்டையும் கொண்டுபோய் வீட்டு அலமாரியில், பழைய ஸ்க்ரூக்களும் மூக்குத்தாங்கிகளும் கிடக்கும் இழுப்பறையில் போட்டார். தொலைநோக்கியை அறை மூலையில் நிறுத்திப் போர்வையால் மூடினார். மூடும்போது அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை அந்தம்மா கடைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஃபிரிட்ஜ் கதவில், பேப்பர் செய்திக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக் கண் பிரிவில் எழுதிக் கொடுத்தது. தூரப் பார்வை, வலது கண் முழுசு, இடது கண் முழுசு. கண்ணாடி தேவையில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் வழக்கம்போலவே நடந்தது. அந்தம்மா சமைத்தார், பரிமாறினார், ஆஸ்பத்திரிக்குப் போனார், வந்தார். கேட்டதற்குப் பதில் சொன்னார். கண்ணாடிக்காரர் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சீட்டு கண்ணெதிரே வந்தது. மூன்று வாரம் அவர் வெதுவெதுப்பான தண்ணீரையே குடித்தார்.

நான்காவது வாரம் ஒரு லாரி டிரைவர் கடைக்கு வந்தார். லைசென்ஸ் புதுப்பிக்கப் பார்வைச் சான்றிதழ் வேண்டுமாம். நாற்காலியில் உட்கார்ந்து, மேலிருந்து மடமடவென்று எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தார். பாதியில் கரண்ட் போய், பலகை விளக்கு அணைந்தது. டிரைவர் நிறுத்தவில்லை. அடுத்த வரி, அதற்கடுத்த வரி, கடைசியில் இருக்கும் எறும்பு எழுத்துவரை ஒன்று விடாமல் ஒப்பித்து முடித்துவிட்டு, "சரிதானே சார்?" என்றார்.

"அண்ணே, பலகையே இருட்டுல இருக்கு."

"இருக்கட்டும் சார். எனக்குத் தெரியுது."

கண்ணாடிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ஆஹா" என்ற தன் குரல் காதில் கேட்டது. கம்பி வளையல் கேட்டது. இளமஞ்சள் கேட்டது. இருட்டில் நின்றுகொண்டு மூன்று பேர் கடைசி வரிவரை ஒப்பித்திருக்கிறார்கள். இல்லாததை இல்லை என்று சொன்ன ஒரே ஆளுக்குக் கண்ணில் கோளாறு என்று சான்றிதழ் கொடுத்ததும் அவர்தான். நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன் அந்த டீச்சராவது நேரமாகிவிட்டது என்றுதான் மூடினார். தான் மூடியது அதைவிட மோசம் என்று அவருக்குப் பட்டது. அவமானத்தில் காது சுட்டது. டிரைவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, ஐந்து மணிக்கே ஷட்டரை இழுத்தார்.

எக்ஸ்ரேக்காரம்மா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் வாசற்படியிலேயே நின்றார்.

"இந்தா பாரு. அன்னைக்கு எனக்கும் ஒண்ணும் தெரியல. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"உன் அண்ணனும் வாத்தியாரும்கூடப் பொய்தான்."

"அதுவும் தெரியும். தெரிஞ்சவன் ஒருத்தனாவது ரெண்டாம் தடவை பார்க்கணும்னு கேட்டிருப்பான்ல." கத்தியைக் கீழே வைத்தார். "நீங்க பொய் சொன்னதுகூடப் பரவாயில்லங்க. என் கண்ணைச் சொன்னீங்க பாருங்க, அதான். அந்த அறைக்குள்ள நான் இல்லாத முறிவை இருக்குன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா, எவனோ ஒருத்தன் சும்மா மாவுக்கட்டோட படுத்துக் கிடந்திருப்பான். ஒரு நாள்கூடச் சொன்னதில்ல. நாலு பேர் முன்னாடி அதைப் போய் கோளாறுன்னீங்க."

"தப்புதான்" என்றார் கண்ணாடிக்காரர்.

அந்தம்மா கையைத் துடைத்துக்கொண்டார். "அந்த மீதி ரெண்டு லென்ஸ் எங்க?"

"எதுக்கு?"

அந்தம்மா அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவர் ஓரமாகப் போட்ட அதே விளக்கத் தாள். "இது உங்க கடை நம்பர் இல்ல. இதுல நம்பர் ஏற ஏற பவர் இறங்கும். நீங்க போட்ட நாலுதான் இருக்கறதுலயே பெரிய பவர். இருபத்தஞ்சுதான் சின்னது."

"அதெப்படி? தலைகீழால்ல இருக்கு!"

"நாங்ககூட முதல்ல முழு நெஞ்சையும் எடுப்போம். அப்புறம்தான் ஒரு எலும்பு. எடுத்த எடுப்புல ஒரு எலும்பைத் தேடினா அது யாரு எலும்புன்னே தெரியாது."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. கண்ணாடிக்காரர் இழுப்பறையை அப்படியே பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"இது உனக்கு எப்பவே தெரியும்னா, ஏன் சொல்லல?"

"காட்டறேன்னு சொன்னவர் நீங்கதானே. முதல்ல நீங்க கண்ணைத் திறங்கன்னு இருந்தேன். இன்னும் நாலு நாள் இருந்துச்சு."

வெளிச்சம் இருக்கும்போதே ஒல்லியை மாடிக்கு ஏற்றினார்கள். அதன் கால்களுக்கு நடுவே, ஆட்டம் அடங்க, தண்ணீர் நிரப்பிய ஒரு கேனைக் கட்டித் தொங்கவிட்டார் எக்ஸ்ரேக்காரம்மா. தூரத்தில் ஒரு கோபுர உச்சியில் எரியும் சிவப்பு விளக்கைப் பிடித்து, பெரிய குழாயும் அதன் முதுகில் இருக்கும் குட்டிக் குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி திருகினார். ஏழு மணிக்குப் புள்ளி வந்தது. மூன்று வாரத்தில் எவ்வளவோ கீழே இறங்கி, எதிர் வீட்டுத் தொட்டிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது.

இருபத்தைந்தைப் போட்டுக் குனிந்தார். கண்ணாடிக்காரர் இருப்புக்கொள்ளாமல் பின்னால் நடந்தார்.

"நடக்காதீங்க, தரை அதிருது. மூச்சை இழுங்க. பிடிங்க. ஆடாதீங்க."

இழுத்தார், பிடித்தார், ஆடவில்லை. அந்தம்மா, "விடுங்க" என்று சொல்ல மறந்துவிட்டார்.

"இருக்கு" என்றார். ஒரு பருக்கை அளவுதான், ஆனால் உருண்டையாக இல்லை, இரண்டு பக்கமும் இழுத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றார். குழாயை அசைக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார். கண்ணாடிக்காரர் பத்தை அந்தக் கையில் வைத்தார். அந்தம்மா மாற்றிச் செருகினார்.

"வளையம்ங்க" என்றார் கடைசியில். "தனியா நிக்குது. வளையத்துக்கும் அதுக்கும் நடுவுல கறுப்பு இடம் தெரியுது. பொம்மை மாதிரி இருக்கு. நிஜமாவே இருக்குங்க."

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. இருபத்தாறு வருடத்தில் அந்தம்மா இவ்வளவு சந்தோஷமாக ஒரு வார்த்தை பேசிக் கண்ணாடிக்காரர் கேட்டதில்லை. மெதுவாகக் கேட்டார்.

"நானும் கொஞ்சம் பார்க்கட்டுமா?"

"வரிசையில நில்லுங்க."

நின்றார். அந்த வரிசையில் அவரைத் தவிர யாரும் இல்லை. முன்னால் நின்றவர் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. சனி தொட்டியின் விளிம்பைத் தொட்டு, பாதி மறைந்து, முழுதாக மறைந்த பிறகுதான் நிமிர்ந்தார். "ஐயோ, உங்களுக்கு..." என்றார். கண்ணாடிக்காரர் மூடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அந்தம்மாவே மூடினார்.

மறுநாளிலிருந்து மூன்று நாளும் மேகம். மாதம் முடிந்தது, சனி சூரியனோடு போய்விட்டது.

அடுத்த வாரம் மச்சான் வந்தார். ஃபிரிட்ஜைத் திறந்து குளிர்ந்த தண்ணீர் குடித்துக்கொண்டே, "என்ன மாப்ளே, அப்புறம் வளையத்தைப் பார்த்தீங்களா?" என்றார்.

"இல்ல மச்சான், நான் பார்க்கல. உங்க தங்கச்சிதான் பார்த்தா."

"அப்ப அன்னைக்கு?"

"அன்னைக்கு நான் பார்க்கல. நீங்களும் பார்க்கல."

டிக்கெட் பரிசோதகர் டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவரின் முகத்தோடு தம்ளரைக் கழுவி வைத்தார். கண் பிரிவுச் சீட்டு இன்னும் கதவில்தான் இருந்தது. அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, யாரையும் பார்க்காமல், "மறுபடி எப்ப வருமாம்?" என்று கேட்டார்.

"ஏழெட்டு மாசம் ஆகும். அதுக்குள்ள அந்த அண்டாவை வாங்கிடலாம்னு இருக்கோம். நீங்களும் வாங்க மச்சான்" என்றார் கண்ணாடிக்காரர். "ஆனா மூணாவதாத்தான் நிக்கணும். ரெண்டாவது நான்."